டகோட்டாவில் இடம்

பழைய பஸ்ஸை எங்கள் ஊர்ப் பக்கம் ‘டகோட்டா’ என்பார்கள். ஏற்றிய கண்ணாடி இறங்காது, இறக்கியது ஏறாது. கியர் மாற்றும்போதெல்லாம் வண்டி ஒருமுறை உடம்பை உதறிக்கொள்ளும். ஆனாலும் எத்தனை பேர் தொற்றினாலும் சுமந்துகொண்டு எப்படியோ ஊர் போய்ச் சேர்ந்துவிடும். அது திரும்பும் முனையில் காத்திருந்து, ஓடுகிற வண்டியின் ஜன்னலுக்குள் துண்டை எறிந்து இடம் பிடிப்பதில் நாங்கள் தேர்ந்தவர்கள். அந்தப் பெயர் ஒரு விமானத்தினுடையது என்பது வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. இரண்டாம் உலக யுத்தம் முடிந்ததும் மிச்சமான டகோட்டாக்கள் மலிவு விலைக்கு விற்கப்பட்டு, இந்திய வானத்தில் வருஷக்கணக்கில் ஓடித் தேய்ந்தன. அந்தத் தேய்மானம்தான் பேச்சில் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

அமெரிக்காவின் டக்ளஸ் கம்பெனி செய்த சி-47 விமானத்துக்கு பிரிட்டிஷ்காரர்கள் வைத்த பெயர் அது. இரண்டு எஞ்சின். மூக்கைத் தூக்கியபடி, வாலைத் தரையில் வைத்து உட்கார்ந்திருக்கும். இருபத்தெட்டுச் சிப்பாய்களை ஏற்றலாம், இல்லையென்றால் மூன்று டன்னுக்குக் கொஞ்சம் குறைவாகச் சரக்கு. துப்பாக்கி கிடையாது.

சண்டை விமானிக்கு எத்தனை எதிரி விமானங்களை வீழ்த்தினான் என்று கணக்கு உண்டு. அதைப் பாட்டாகப் பாடவும் படமாக எடுக்கவும் ஆட்கள் உண்டு. சரக்கு விமானக்காரனின் கணக்கோ மளிகைக்கடைப் பேரேடு மாதிரி இருக்கும்: அரிசி இத்தனை மூட்டை, பெட்ரோல் இத்தனை பீப்பாய், கோவேறு கழுதை இத்தனை. அதனால் அதைப் படிப்பவர் குறைவு. எனக்கு அந்தப் பேரேட்டின் மேல்தான் ஆசை. எவனை ஏற்றினார்கள், எவனை விட்டுவிட்டுப் போனார்கள் என்பது அதில்தான் இருக்கிறது.

அப்படிச் சரக்குச் சுமந்த அணிகளில் ஒன்று பிரிட்டிஷ் விமானப்படையின் 31ஆவது ஸ்குவாட்ரன். அது 1915 அக்டோபரில் இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் தொடங்கப்பட்டு, அந்த டிசம்பர் முடிவதற்குள் பம்பாயில் வந்து இறங்கியது. ‘இந்திய வானில் முதலாவது’ என்ற பொருளில் அதன் முத்திரையில் ஒரு லத்தீன் வாசகம் உண்டு. இருபது வருஷத்துக்கு மேல் அதன் வேலை வடமேற்கு எல்லையில். ரிசால்பூர், பெஷாவர், குவெட்டா என்று மாறி மாறி இருந்துகொண்டு பதான் கிராமங்களின் மேல் குண்டு போட்டது. ஸ்குவாட்ரனின் பெருமை பேசுபவர்கள் இந்தக் காலத்தை இரண்டு வரியில் கடந்துவிடுவார்கள். நானும் இரண்டு வரியில்தான் கடக்கிறேன்; ஆனால் சோற்று மூட்டை போடும் முன் அது என்ன போட்டது என்பது வாசகருக்குத் தெரிந்திருக்கட்டும். 1935 மே 31 அன்று குவெட்டா பூகம்பத்தில் தூங்கிக்கொண்டிருந்த அதன் ஆட்கள் பலர் இடிபாட்டில் செத்தார்கள்.

1939இல் குண்டு வேலையை விட்டுவிட்டுச் சுமை வேலைக்கு மாறியது. முதலில் வாலன்ஷியா என்கிற துணி போர்த்திய இரட்டை இறக்கை விமானங்கள். 1941இல் அமெரிக்காவில் பயணிகளைச் சுமந்து களைத்த டிசி-2 விமானங்கள் கைமாறி வந்தன. வந்த கையோடு, அந்த ஏப்ரலில் ஈராக்கில் ஆட்சி கவிழ்ந்த நெருக்கடிக்காகக் கராச்சியிலிருந்து அங்குள்ள ஷைபாவுக்கு ஒரு பட்டாளத்தைப் பறக்கவிட்டார்கள். கப்பலில் போகவேண்டிய படை விமானத்தில் போனது அப்போது புதுமை.

அதற்குப் பிறகு பர்மா.

எங்கள் தெருவில் ‘பர்மா வீடு’ என்று ஒரு வீடு இருந்தது. தேக்குக் கதவைத் தவிர பர்மா என்று சொல்ல அதில் ஒன்றும் மிச்சமில்லை. அந்த வீட்டு ஆச்சி சிறு பெண்ணாக இருக்கும்போது பர்மாவிலிருந்து நடந்து வந்தவர். ‘ஆச்சி, மேலே ஏரோப்ளேன் போகலையா?’ என்று ஒருமுறை கேட்டேன். ‘போச்சே, தினம் போச்சு. அது நம்ம ஏரோப்ளேனா, ஜப்பான்காரன் ஏரோப்ளேனான்னு யாருக்குத் தெரியும்? சத்தம் கேட்டா மரத்தடிக்கு ஓடிப் படுத்துக்குவோம்’ என்றார். அதோடு சரி. நடையைப் பற்றி மேற்கொண்டு கேட்டால் வெற்றிலைப் பெட்டியைத் திறந்துவிடுவார்.

1941 டிசம்பர் 23இல் ரங்கூனில் முதல் குண்டு விழுந்தது. 1942 மார்ச் 8இல் ஊரே ஜப்பானியர் கைக்குப் போனது. 1931 கணக்கெடுப்பின்படி பர்மாவில் இருந்த இந்தியர் பத்து லட்சத்துக்கு மேல். ரங்கூன் மக்களில் பாதிக்கு மேல் அவர்கள்தான். செட்டியார்கள், துறைமுகக் கூலிகள், நெல் ஆலைக்காரர்கள், குமாஸ்தாக்கள், துப்புரவுத் தொழிலாளிகள். துப்புரவுத் தொழிலாளிகள் ஓடியதும்தான் ரங்கூன் நாறத் தொடங்கி, அவர்களுடைய அருமை சர்க்காருக்குத் தெரிந்தது. கப்பல் கிடைத்தவர்கள் கப்பலில் தப்பினார்கள். மற்றவர்கள் நடந்தார்கள். ஒரு வழி புரோமிலிருந்து மலை தாண்டித் தாவுங்கப் கடற்கரைக்கு. இன்னொன்று கலேவா, தமு, பலேல் வழியாக இம்பாலுக்கு. கடைசியாக, எல்லாவற்றிலும் கொடியது, ஹூகாங் பள்ளத்தாக்கு வழியாக அஸ்ஸாமின் லீடோவுக்கு. நாலு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அப்படி வந்தார்கள். வழியில் காலராவிலும் பசியிலும் செத்தவர்கள் பல ஆயிரம். யாரும் நின்று எண்ணவில்லை. ரங்கூனில் ‘ஜோதி’ பத்திரிகையை நடத்திய வெ. சாமிநாத சர்மாவும் மனைவியோடு இந்தியாவுக்கு நடந்தவர்தான். அவருடைய ‘எனது பர்மா வழிநடைப் பயணம்’ இன்றும் கிடைக்கிறது.

இதே மாதங்களில் 31ஆவது ஸ்குவாட்ரன் அஸ்ஸாமின் தின்ஜானிலிருந்து கிளம்பி, வட பர்மாவின் ஷ்வேபோவிலும் மிச்சினாவிலும் இறங்கி, ஆட்களை அள்ளிக்கொண்டு திரும்பியது. அமெரிக்க விமானங்களும் சேர்ந்துகொண்டன. இரண்டும் சேர்ந்து காப்பாற்றியவர்கள் எட்டாயிரத்து அறுநூறு சொச்சம். அதில் இரண்டாயிரத்து அறுநூறு பேர் காயம்பட்டவர்கள். விமானிகள் ஒரு நாளைக்கு எத்தனை முறை முடியுமோ அத்தனை முறை போய் வந்தார்கள். ஆயுதம் இல்லாத விமானத்தை ஜப்பானிய வானத்துக்குள் கொண்டுபோய் நிறுத்தி, எஞ்சினை அணைக்காமலே ஆள் ஏற்றுவது சாதாரணக் காரியமில்லை. மே 6 அன்று மிச்சினாவில் இப்படி ஏற்றிக்கொண்டிருந்தபோது குண்டு விழுந்தது. ஏறக் காத்திருந்த பெண்களும் குழந்தையும் அங்கேயே செத்தார்கள். இரண்டு நாளில் ஊரும் விழுந்தது.

எட்டாயிரத்து அறுநூறை நாலு லட்சத்தோடு வைத்துப் பாருங்கள். நூற்றுக்கு இரண்டு பேர். மிச்சினாவிலிருந்து தின்ஜானுக்கு விமானத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். ஹூகாங் வழியாகக் கால்நடையில் வாரக்கணக்கு, அதுவும் மழை பிடித்துக்கொண்ட பிறகு. இடம் குறைவு, கூட்டம் அதிகம் என்றால் யாருக்கு முதல் இடம் என்ற கேள்வி வந்துதான் தீரும். காயம்பட்ட சிப்பாய்க்கு என்பதில் தகராறு இல்லை. அதற்கு அடுத்தபடியாக யார் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. நடைபாதைகளிலேயே ‘வெள்ளையர் வழி’, ‘கறுப்பர் வழி’ என்று இரண்டு இருந்ததாக அகதிகள் சொன்னார்கள். நல்ல தங்குமிடமும் சுமைகூலிகளும் இருந்த பாதையில் ஐரோப்பியரும் ஆங்கிலோ-இந்தியரும் விடப்பட்டார்களாம். சர்க்கார் மறுத்தது. அலகாபாத்தில் கூடிய காங்கிரஸ் கமிட்டி கண்டனத் தீர்மானம் போட்டது. நடைபாதையிலேயே இப்படி என்றால் விமான வாசலில் எப்படி இருந்திருக்கும் என்று ஊகிக்கப் பெரிய ஞானம் வேண்டியதில்லை. பர்மா கவர்னர் டோர்மன்-ஸ்மித் மிச்சினாவிலிருந்து விமானத்தில்தான் போனார். அவர் நல்லவரா கெட்டவரா என்பதல்ல என் பேச்சு. கவர்னர் துண்டு போட வேண்டியதில்லை, அவ்வளவுதான்.

டோக்கியோ மேல் குண்டு வீசிவிட்டுச் சீனாவில் குதித்துத் தப்பிய அமெரிக்கர் ஜேம்ஸ் டூலிட்டில், அந்த மே மாதத்தில் ஒரு சீன விமானக் கம்பெனியின், டகோட்டாவுக்கு மூலவடிவமான டிசி-3இல் மிச்சினா வழியாக வந்தார். இருபத்தொரு பேர் உட்காரும் விமானம். விமானி மூன் சின் மிச்சினாவில் அகதிகளை ஏற்றிக்கொண்டே இருந்தார். கடைசியில் கிளம்பியபோது உள்ளே எழுபத்திரண்டு பேர். எழும்பியது. எங்கள் ஊர் பஸ்ஸுக்கு அந்தப் பெயர் பொருந்தும் என்று இந்தக் கதையைப் படித்தபோதுதான் நம்பினேன். இன்னொரு அமெரிக்கர், ஜெனரல் ஸ்டில்வெல், தம்மை அழைத்துப்போக வந்த விமானத்தில் தம் ஆட்களில் பலரை ஏற்றி அனுப்பிவிட்டு, நூற்றுச் சொச்சம் பேரோடு இம்பாலுக்கு நடந்தார். அதற்காக அவரைக் கொண்டாடுகிறார்கள். கொண்டாடலாம். வேண்டாம் என்று சொல்ல அவருக்கு ஒரு விமானம் இருந்தது.

மறு வருஷம் 1943 பிப்ரவரியில் விங்கேட் என்ற விசித்திரமான தளபதி மூவாயிரம் பேரைச் சின்ட்வின் நதியைத் தாண்டி ஜப்பானியருக்குப் பின்னால் காட்டுக்குள் கூட்டிப்போனார். சின்டிட் படை என்று பேர். அவர்களுக்குச் சாலை கிடையாது, வண்டி கிடையாது. சோறும் தோட்டாவும் வானத்திலிருந்துதான். அதைப் போட்டது அகர்தலாவிலிருந்து பறந்த 31ஆவது ஸ்குவாட்ரன்.

போடுவதும் ஒரு தொழில். அரிசி மூட்டைக்குப் பாராசூட் வேண்டியதில்லை. ஒரு சாக்கில் தளர்வாக அரிசியைக் கட்டி, அதை இன்னொரு பெரிய சாக்கில் போட்டு வாயைத் தைத்துவிட வேண்டும். விழுகிற வேகத்தில் உள்சாக்கு கிழியும், வெளிச்சாக்கு தாங்கும். விமானம் மரங்களின் தலைக்குச் சற்று மேலே வட்டமடிக்கும். ஒரே சுற்றில் எல்லாவற்றையும் தள்ள முடியாது; எட்டுப் பத்துச் சுற்று போகவேண்டும். கதவைக் கழற்றிவிட்ட வாசலருகே சிப்பாய்கள் மல்லாக்கப் படுத்து, கால்களால் மூட்டையை உதைத்துத் தள்ளுவார்கள். கீழே நிற்பவன் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். பசியோடு அண்ணாந்து பார்த்தபடி ஓடிவந்து, அரிசி மூட்டை மேலே விழுந்து செத்தவர்கள் உண்டு.

சோறு போட முடிந்தது. ஆளைத் தூக்க முடியவில்லை. காட்டில் விமானம் இறங்க இடமில்லை. அதனால் அந்தப் படையில் எழுதாத ஒரு சட்டம் இருந்தது. நடக்க முடியாதவன் கிராமத்தில் விடப்படுவான், அல்லது மரத்தடியில் ஒரு துப்பாக்கியோடும் ஒரு குடுவைத் தண்ணீரோடும். திரும்பும் வழியில், ஏப்ரல் கடைசியில், எட்டாவது பிரிவு ஒரு நீண்ட வெட்டவெளியைக் கண்டது. பாராசூட் துணியைக் கிழித்து ‘விமானம் இங்கே இப்போது இறங்கட்டும்’ என்று ஆங்கிலத்தில் தரையில் எழுதிவைத்தார்கள். ஏப்ரல் 28 அன்று மைக்கேல் விளாஸ்டோ என்கிற விமானி டகோட்டாவை அங்கே இறக்கிவிட்டார். சில நிமிஷங்கள். பதினேழு பேரை ஏற்றினார்கள், விமானத்துக்குப் போதாத அந்தத் தரையில் ஓடி எழும்பி, மரங்களைத் தப்பிப் போய்விட்டார்கள். கூடவே போன பத்திரிகைப் புகைப்படக்காரர் உள்ளே உட்கார்ந்திருந்தவர்களைப் படமெடுத்தார். தாடி மண்டிய, கண் மட்டும் மிச்சமிருக்கிற முகங்கள். நான் அந்தப் படங்களை நெடுநேரம் பார்த்திருக்கிறேன். யாரும் சிரிக்கவில்லை என்று சொல்ல முடியாது. ஒரு சிலர் சிரிக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் இடம் கிடைத்தவன் முகத்தில் வரும் அந்தச் சின்னக் கூச்சம், இன்னும் நின்றுகொண்டிருப்பவனைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வது, அதைப் பஸ்ஸில் ஏறியவர்களுக்கெல்லாம் தெரியும். அடுத்த விமானம் அங்கே இறங்கவில்லை. மற்றவர்கள் நடந்தார்கள். உள்ளே போன மூவாயிரம் பேரில் திரும்பியவர்கள் இரண்டாயிரத்து இருநூறுக்கும் குறைவு.

இதெல்லாம் நடந்துகொண்டிருந்த 1943இல்தான் வங்காளத்தில் பஞ்சம். அகர்தலா, குமில்லா விமானத் தளங்களுக்கு வெகு பக்கத்தில், அந்த ஓடுதளங்களுக்குப் போகும் பாதைகளிலேயே, மக்கள் செத்து விழுந்தார்கள். இறந்தவர்கள் பதினைந்து லட்சம் என்றது சர்க்கார் கமிஷன். முப்பது லட்சம் வரை என்பது பிற்கால ஆய்வாளர்கள் கணக்கு. கிடங்கிலிருந்து அரிசி விமானம் ஏறியது. ஏறிய அரிசி சிப்பாய்க்கு. இங்கே நான் மிகையாகப் பேசக் கூடாது. ஒரு டகோட்டா சுமக்கும் அரிசி, ஆளுக்கு அரைக் கிலோ வீதம் ஐயாயிரத்துச் சொச்சம் பேருக்கு ஒரு நாள் சோறு. ஸ்குவாட்ரன் மொத்தமும் பறந்தாலும் வங்காளத்தின் பசி தீர்ந்திருக்காது. பஞ்சத்தைத் தீர்ப்பது ரயிலும் படகும் விலைக் கட்டுப்பாடும். படகுகளையோ ஜப்பானியர் கையில் சிக்கக் கூடாதென்று 1942இலேயே சர்க்கார் பறித்து உடைத்திருந்தது. விமானிகள் மேல் பழி இல்லை. ஆனால் எந்தப் பசி அவசரப் பசி என்று முடிவுசெய்த கை ஒன்று இருந்தது, அந்தக் கைதான் சரக்குச் சீட்டிலும் கையெழுத்துப் போட்டது.

வங்காளத்தின் இன்னொரு பொருளும் விமானம் ஏறியது: சணல். பாராசூட்டுக்குப் பட்டு கிடைக்கவில்லை. பிரிட்டிஷாரின் பதினாலாவது படையின் தளபதி ஸ்லிம்மும் அவருடைய சரக்கு அதிகாரி ஸ்னெல்லிங்கும் கல்கத்தா சணல் ஆலைகளைப் பிடித்து, சாக்குத் துணியிலேயே பாராசூட் தைக்க வைத்தார்கள். பட்டுப் பாராசூட்டோடு ஒப்பிட்டால் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்கு நம்பலாம் என்றது கணக்கு. பட்டுப் பாராசூட் இருபது பவுண்டுக்கு மேல் என்றால் இது ஒரு பவுண்டு சொச்சம். இதை ஸ்லிம் தம் நூலில் பெருமையாக எழுதுகிறார். பெருமைப்பட வேண்டியதுதான். 1944 பிப்ரவரியில் அரக்கானில் ஏழாவது இந்திய டிவிஷன் முற்றுகையில் சிக்கியபோது இப்படித்தான் பிழைத்தது. முதல் விமானங்கள் ஜப்பானியச் சண்டை விமானங்களுக்குப் பயந்து திரும்பிவிட, வில்லியம் ஓல்டு என்கிற அமெரிக்க ஜெனரல் தாமே முன்னால் ஓட்டிப்போனார். தோட்டாவோடு சவரக் கத்தி, கடிதம், செய்தித்தாள் எல்லாம் விழுந்தன. பர்மா யுத்தத்தில் முற்றுகைக்குள் சிக்கிய படை ஓடாமல் நின்றது அதுவே முதல் தடவை. சோறு வரும் என்ற நம்பிக்கை இருந்தால் மனிதன் நிற்பான்.

அடுத்த மாதமே இம்பால். மார்ச் கடைசியிலிருந்து ஜூன் 22 வரை ஜப்பானியரால் சாலை அடைபட்டது. ஒன்றரை லட்சம் பேர் உள்ளே. 31ஆவதோடு இன்னும் பல ஸ்குவாட்ரன்கள் மழைமேகங்களுக்குள் நுழைந்து வந்தன. எதிரியைவிட மேகம்தான் அதிகம் கொன்றது. மலைக்குள் மறைந்த விமானங்கள் எத்தனையோ. பேரேடு இப்படிப் போகிறது: ஒரு கோடியே நாற்பது லட்சம் ராத்தல் உணவு, பத்து லட்சம் காலன் பெட்ரோல், பன்னிரண்டாயிரம் புதிய வீரர்கள், நாலு கோடியே முப்பது லட்சத்துக்கும் மேல் சிகரெட். வெளியே எடுத்துப் போனது: காயம்பட்டோரும் நோயாளிகளும் பதின்மூவாயிரம், சண்டை போடாத வாய்கள் நாற்பத்து மூவாயிரம். ‘சண்டை போடாத வாய்கள்’ என்பது என் சொல்தான். உள்ளே இருந்தால் சாப்பிடுவார்கள் என்பதற்காகவே அவர்களுக்கு இடம் கிடைத்தது. இரண்டு வருஷத்துக்கு முன் அதே இம்பால் பாதையில் நடந்து வந்தவர்கள் நினைவுக்கு வராமல் இருப்பார்களா?

மலைக்கு அந்தப் பக்கம் முதாகுச்சியின் ஜப்பானியப் படை மூன்று வாரச் சோற்றோடும், வழியில் அறுத்துத் தின்ன ஓட்டிவந்த மாட்டு மந்தையோடும் வந்திருந்தது. மாடுகள் சின்ட்வினிலும் மலைச் சரிவிலும் போய்விட்டன. எண்பத்தைந்தாயிரம் பேரில் முப்பதாயிரம் பேர் செத்தார்கள், அதிகமும் பசியிலும் நோயிலும். அவர்களோடு நேதாஜியின் இந்திய தேசிய ராணுவமும் இருந்தது. அந்த ராணுவத்தில் மலேயாவின் ரப்பர் தோட்டத் தமிழர்கள் ஏராளம் என்றாலும், இம்பால் பக்கம் வந்தவர்களில் பெரும்பாலோர் சிங்கப்பூரில் பிடிபட்ட பழைய பிரிட்டிஷ் இந்தியச் சிப்பாய்கள். ஆறாயிரம் பேர் வரை வந்ததாகவும், பாதிக்கும் குறைவானவர்களே திரும்பியதாகவும் கணக்கு. காட்டுக் கீரையையும் கிழங்கையும் தின்று கிடந்த அவர்களுடைய தலைக்கு மேல்தான் டகோட்டாக்கள் ஆட்டா மூட்டையோடு போயின. கீழே இருந்தவனும் மேலே இருந்த மூட்டைக்குக் காத்திருந்தவனும் இரண்டு வருஷத்துக்கு முன் ஒரே பட்டாளத்தில் ஒரே தட்டில் சாப்பிட்டவர்களாக இருக்கலாம். மதராஸ் சாப்பர்கள் என்ற பொறியாளர் படையினர் இந்தப் பக்கம் பிரிட்டிஷாருக்காகப் பாலம் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

யுத்தம் முடிந்த பின் ஸ்குவாட்ரன் ஜாவாவுக்குப் போனது. சிறைமுகாம்களிலிருந்து டச்சுப் பெண்களையும் குழந்தைகளையும் ஏற்றி இறக்கும் வேலை. சுதந்திரம் அறிவித்திருந்த இந்தோனேசியர்களுக்கு அந்த விமானம் பழைய எஜமானைத் திரும்பக் கொண்டுவரும் விமானம். 1945 நவம்பர் 23 அன்று ஒரு டகோட்டா பெகாசி ஊருக்கருகே தரையிறங்க நேர்ந்தது. விமானிகளும் உள்ளே இருந்த மராத்தா சிப்பாய்களும், இருபது பேருக்கு மேல், உயிரோடு தப்பி இறங்கியவர்கள், பிடித்துக் கொல்லப்பட்டார்கள். பிரிட்டிஷ் படை பழிக்குப் பெகாசியைக் கொளுத்தியது. அந்த மராத்தியர்கள் யாருடைய சண்டைக்காக அந்த விமானத்தில் உட்கார்ந்திருந்தார்கள்? இடம் கிடைத்ததெல்லாம் பாக்கியமில்லை.

நடந்து வந்தவர்களின் கதை 1942ஓடு முடியவில்லை. 1962க்குப் பின் நே வின் ஆட்சி கடைகளைப் பிடுங்கியபோது மீண்டும் தமிழர்கள் பர்மாவை விட்டு வந்தார்கள். சிலருக்கு இங்கே மனம் ஒட்டவில்லை. திரும்பிப் போகலாமென்று மணிப்பூர் வரை போய், எல்லை மூடியிருக்கவே மோரேயில் தங்கிவிட்டார்கள். அங்கே அங்காள பரமேஸ்வரி கோயில் கட்டியிருக்கிறார்கள். எதிரே தெரிவது தமு, 1942இல் ஜனங்கள் கால் வீங்கிக் கடந்த அதே தமு.

31ஆவது ஸ்குவாட்ரனை 1947 டிசம்பரில் கராச்சியில் கலைத்தார்கள். பிறகு இங்கிலாந்தில் மறுபடி தொடங்கி, ஜெட் விமானங்கள் கொடுத்து, 2019இல் மறுபடி கலைத்தார்கள். இப்போது வாடிங்டன் தளத்தில் மீண்டும் எழுப்பியிருக்கிறார்கள். அதனிடம் இருப்பவை புரொடெக்டர் என்ற ஆளில்லா விமானங்கள். ஓட்டுகிறவர் தரையில் ஓர் அறைக்குள் உட்கார்ந்திருக்கிறார். விமானத்தில் இருக்கை கிடையாது.